பழைய போர் விமானங்கள் பறக்க வேண்டுமா, தரையில் நின்றால் போதுமா?

லாடியம்வாசி (பிரிட்டோரியா):

அனைவருக்கும் வணக்கம். வான்காட்சிகளுக்கும் அணிவகுப்புப் பறப்புகளுக்கும் விரும்பிச் செல்லும் தமிழர்கள் இங்கே பலர் இருப்பதால், நெடுநாளாக என் மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை முன்வைக்கிறேன். நம் நாட்டில் மீந்திருக்கும் பழைய போர் விமானங்களைத் தொடர்ந்து பறக்கவிட வேண்டுமா, அல்லது கூரையின்கீழ் நிறுத்திப் பாதுகாத்தாலே போதுமா?

பறக்க வேண்டும் என்பதே என் கருத்து. லாடியத்திலிருந்து சுவார்ட்கோப் தளம் மிக அருகில் இருக்கிறது. 1921-இல் அமைந்த அது, உலகில் இன்றும் இயங்கிவரும் மிகப் பழைய விமானப்படைத் தளங்களில் ஒன்று. 1920 பிப்ரவரி 1-ஆம் நாள் உருவான தென்னாப்பிரிக்க விமானப்படைக்கு, முதல் உலகப்போரில் மீந்த விமானங்களைப் பிரிட்டன் கொடையாகக் கொடுத்தபோது அவை வந்து தங்கிய மண் அது. இன்று அங்கிருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்தின் கொட்டகைகளுக்குள் மிராஜ், பக்கனியர், சேபர் ஆகியவற்றை, இறக்கையின் அடியில் நின்று தறையாணிகளைத் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு நெருங்கிக் காணலாம். ஆயினும் வெளியே ஓடுபாதையில் ஒரு ஹார்வர்ட் பயிற்சி விமானம் புறப்படும் ஓசை எழுந்தவுடன், கொட்டகைக்குள் இருக்கும் பெரியவர்களும் குழந்தைகளும் அத்தனை காட்சிப்பொருள்களையும் விட்டுவிட்டு வாசலுக்கு விரைவதை நான் எப்போதும் காண்கிறேன். பறக்கும் ஒரு விமானம் கற்பிப்பதை, நிற்கும் பத்து விமானங்களால் கற்பிக்க முடியாது என்று நினைக்கிறேன். உங்கள் கருத்துகளைக் காரணத்துடன் எழுதுமாறு வேண்டுகிறேன்.

இயந்திரக்கை (சென்ச்சூரியன்):

வணக்கம், அண்ணா. விமானப் பராமரிப்பே என் தொழில் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஹார்வர்டை எடுத்துக்காட்டாகத் தொடங்கியது நல்லதுதான், ஆனால் அது உங்கள் வாதத்துக்கு மிக எளிதான எடுத்துக்காட்டு.

வாசலுக்கு மக்களை இழுக்கும் அந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்கிறேன். அதன் ஒன்பது சிலிண்டர் பிராட் அண்டு விட்னி வாஸ்ப் இன்ஜின் 600 குதிரைத்திறன் கொண்டது. அதற்கும் விசிறிக்கும் இடையே வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரம் கிடையாது. ஆகவே புறப்படும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 2250 சுற்றுச் சுழன்றால், ஏறத்தாழ 2.7 மீட்டர் விட்டமுள்ள இரண்டு அலகு விசிறியும் அதே வேகத்தில் சுழல்கிறது. அப்போது விசிறியின் நுனி நொடிக்கு 320 மீட்டருக்கும் மேல் நகர்கிறது, அதாவது ஒலியின் வேகத்தை நெருங்கிவிடுகிறது. காற்றைக் கிழிப்பதுபோல் கேட்கும் அந்த அலறல் நுனியிலிருந்து வருவதே தவிர, புகைபோக்கியிலிருந்து வருவதன்று.

இப்போது பராமரிப்புக்கு வருகிறேன். ஹார்வர்ட் வகை விமானங்கள் உலகெங்கும் பதினையாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. நம் விமானப்படை இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து 1995 வரை, பிலாட்டஸ் அஸ்ட்ரா வரும்வரை, அதில்தான் விமானிகளைப் பழக்கியது. ஆகவே உதிரிப்பாகமும் உண்டு, அதை ஓட்டியவர்களும் திறந்து பூட்டியவர்களும் இன்னும் நம்மிடையே உண்டு. இந்த மூன்றும் சேர்ந்திருக்கும் விமானம் பறக்கலாம். ஒன்று குறைந்தாலும் நான் தயங்குவேன். பழைய விமானங்கள் அனைத்துக்கும் ஒரே விடை சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மெர்பேங்க் மூத்தவர் (டர்பன்):

பிள்ளைகளே, இந்த இழையைக் கண்டு மிகவும் மகிழ்ந்தேன். டர்பனில் வளர்ந்த எங்களுக்கு விமானம் பார்ப்பதற்கு நுழைவுச்சீட்டு தேவைப்பட்டதில்லை. 1957 வரையில் 35-ஆம் படைப்பிரிவின் சண்டர்லாந்து நீர்விமானங்கள் கொங்கெல்லாவில், துறைமுக விரிகுடாவின் தண்ணீரிலேயே நின்றன. மேடன் வார்ஃபில் வேலை செய்த என் தகப்பனார் சிறுவனான என்னை அழைத்துச் சென்று அவற்றைக் காட்டியிருக்கிறார். நான்கு இன்ஜின்களையும் முழுவேகத்தில் வைத்துக்கொண்டு, அடிவயிற்றால் தண்ணீரை இரண்டாகப் பிளந்தபடி நெடுந்தூரம் ஓடி, கடைசியில் நீரின் பிடியிலிருந்து விடுபட்டு எழும் அந்தக் காட்சியை எந்தக் கொட்டகையில் நிறுத்தி எப்படிக் காட்ட முடியும்? நீர்விமானம் என்பது தண்ணீரோடு சேர்ந்த பொருள். தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது அதன் கூடு மட்டுமே.

பிற்பாடு மெர்பேங்குக்கும் இசிப்பிங்கோவுக்கும் பக்கத்தில் இருந்த லூயி போத்தா விமான நிலையம் எங்கள் பார்வையிடம் ஆனது. 2010-இல் பயணிகள் விமானங்கள் யாவும் வடக்கே கிங் ஷாக்காவுக்குப் போய்விட்டன. பழைய நிலையத்தின் ஓரத்தில் உள்ள விமானப்படைத் தளத்தில் 15-ஆம் படைப்பிரிவின் ஓரிக்ஸ் ஹெலிகாப்டர்கள் மட்டும் இன்னும் ஏறி இறங்குகின்றன. 2017 பிப்ரவரியில் படைவீரர் நாள் டர்பனில் நடந்தபோது கடற்கரையில் திரண்ட கூட்டத்தில் நானும் பேரப்பிள்ளைகளுடன் நின்றேன். போர் விமானம் என்றால் வேகம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். ஓரிக்ஸ் வந்தபோது வேறொன்றைச் சொன்னேன். 1991 ஆகஸ்டில் ஓஷானோஸ் என்னும் பயணிகள் கப்பல் நம் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்திலிருந்து டர்பனை நோக்கி வரும் வழியில் டிரான்ஸ்கை கடலில் மூழ்கியபோது, விமானப்படை ஹெலிகாப்டர்கள் புயலுக்குள் பறந்து ஆட்களைக் கயிற்றில் தூக்கின; அக்கப்பலில் இருந்த 571 பேரும் உயிர் பிழைத்தார்கள். 2000-இல் மொசாம்பிக் வெள்ளத்தில் மரத்தின்மேல் பிள்ளை பெற்ற தாயையும் சேயையும் மீட்டதும் நம் விமானப்படை ஹெலிகாப்டரே. அந்த வேலையைப் பறக்கும்போதுதான் புரிய வைக்க முடியும். ஆகையால் என் வாக்கு பறப்பதற்கே.

லெனேசியா ஆசிரியை:

ஐயா எழுதியதை மதிப்புடன் படித்தேன். மீட்பு வேலையை அவர் நினைவூட்டியது மிகவும் சரி. நான் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். எனவே இந்தக் கேள்வியின் மற்றொரு பக்கத்தைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

நம் வான்காட்சிகளில் ஒலிபெருக்கியில் பேசுபவர், விமானத்தின் வேகத்தையும் எடையையும் இன்ஜின் திறனையும் சொல்வார். அது எந்த ஊரின்மேல் குண்டு போட்டது என்பதைச் சொல்லமாட்டார். இம்பாலா ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1983 மே 20-ஆம் நாள் பிரிட்டோரியாவின் சர்ச் தெருவில், விமானப்படைத் தலைமையகத்தின் முன் குண்டு வெடித்து 19 பேர் இறந்தனர். மூன்று நாள் கழித்து, அதற்குப் பதிலடியாக, இம்பாலாக்கள் எல்லையைக் கடந்து மொசாம்பிக்கில் மப்புட்டோவை அடுத்த மட்டோலாவைத் தாக்கின. ஜாம் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர்களும் அதில் இறந்தார்கள். பதினோராண்டு கழிந்து, 1994 மே 10-ஆம் நாள் மண்டேலா யூனியன் பில்டிங்ஸ் முற்றத்தில் பதவியேற்றபோது, புதிய கொடியின் நிறங்களைப் புகையாக வானில் இழுத்துச் சென்றவையும் இம்பாலாக்களே. என் மாணவர்களுக்கு இரண்டாவது நிகழ்ச்சி தெரிகிறது, முதலாவது தெரிவதில்லை. இரண்டையும் சேர்த்து அறியாதவருக்கு, 1994-இல் அந்தக் கூட்டத்தில் நின்ற முதியவர்கள் விமானங்களை அண்ணாந்து பார்த்து ஏன் அழுதார்கள் என்பது புரியாது.

பக்கனியர், கான்பரா, மிராஜ் அனைத்துக்கும் இத்தகைய கணக்கு உண்டு. 1978 மே 4-ஆம் நாள் அங்கோலாவின் கசிங்காவில் பெண்களும் குழந்தைகளும் இருந்த இடத்தின்மேல் விழுந்த குண்டுகளைக் கான்பராக்களும் பக்கனியர்களும் கொண்டுசென்றன. அந்த விமானங்களில் ஏறிப் பறக்கும் வாய்ப்பு அக்காலத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் எவருக்கும் கிடையாது; விமானியின் இருக்கை வெள்ளையருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. நிறுத்தி வைத்த விமானத்தின் முன் ஒரு பலகை வைத்து இவை அனைத்தையும் எழுதலாம். படிப்பவர் நின்று படிக்கலாம். தலைக்குமேல் உறுமிக்கொண்டு போகும் விமானத்தின் கீழே யாரும் எதையும் படிப்பதில்லை. மெய்சிலிர்ப்பு மட்டுமே மிஞ்சுகிறது. இதனால்தான் போரில் ஈடுபட்ட விமானங்கள் தரையில் நிற்பதே நல்லது என்று கருதுகிறேன்.

டேபிள்பே (கேப் டவுன்):

ஆசிரியை அவர்களின் பதிவு என்னை நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது. அதற்கு விடை சொல்வதற்கு முன், எங்கள் ஊரின் ஷேக்கில்டனைப் பற்றி எழுத வேண்டும். ஏனெனில் இந்தக் கேள்வி வேறெந்த விமானத்தின் வாழ்விலும் இத்தனை கடுமையாக எழுந்ததில்லை.

மூத்தவர் டர்பனில் கண்ட சண்டர்லாந்துகளுக்குப் பின் 35-ஆம் படைப்பிரிவு பெற்றவை எட்டு ஆவ்ரோ ஷேக்கில்டன்கள். 1957 முதல் 1984 வரை அவை கேப் கடல்வழியைக் காவல் காத்தன. இரண்டாம் உலகப்போரின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் வழியில் வந்தவை அவை. நான்கு கிரிஃபான் இன்ஜின்கள். ஒவ்வோர் இன்ஜினிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூவலகு விசிறிகள், ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுழலும். அதனால் அதன் ஓசை ஹார்வர்டின் அலறலைப் போலில்லாமல், அடிவயிற்றில் உணரும் ஆழ்ந்த முழக்கமாக இருக்கும். 1963 ஆகஸ்டில் அவற்றுள் ஒன்று மோசமான வானிலையில் வெம்மர்ஸ்ஹூக் மலையில் மோதிப் பதின்மூன்று பேரும் இறந்தனர். மற்றவை ஓய்வு பெறும் காலம் வந்தபோது, 1977-இல் ஐக்கிய நாடுகள் அவை கட்டாயமாக்கிய ஆயுதத் தடையால் உதிரிப்பாகங்கள் கிடைப்பதும் அரிதாகியிருந்தது.

1994-இல், தடை நீங்கிய அந்த ஆண்டிலேயே, 1716 என்ற எண்ணுள்ள ஷேக்கில்டனை மீண்டும் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து பிரிட்டனின் வான்காட்சிகளுக்கு அனுப்பினார்கள். ஜூலை 13-ஆம் நாள் இரவு, மேற்குச் சகாராவின் மேலே ஒரே பக்கத்து இரண்டு இன்ஜின்களும் செயலிழந்தன. இருண்ட பாலைவனத்தில் விமானிகள் அதை வயிற்றால் இறக்கினார்கள். உள்ளே இருந்த 19 பேரும் உயிருடன் வெளியே வந்தார்கள். விமானம் இன்றும் அந்த மணலில் கிடக்கிறது. அதன் உடன்பிறப்பான 1722 இஸ்டர்பிளாட் தளத்தில் இருக்கிறது. சில ஆண்டுகள் அதையும் பறக்கவிட்டார்கள். பின்னர் நிறுத்திவிட்டு, இன்ஜின்களை மட்டும் தரையில் இயக்கிக் காட்டும் வழக்கத்துக்கு வந்தார்கள். அம்முடிவை நான் முழு மனத்துடன் ஏற்கிறேன். எட்டில் ஒன்று மலையில் போயிற்று, ஒன்று பாலைவனத்தில் போயிற்று. மீந்தவற்றில் உயிருள்ள இன்ஜின்களோடு இருக்கும் ஒன்றை நான்கு நிமிடக் கைதட்டலுக்காகப் பணயம் வைக்கக் கூடாது.

கேப் டவுனுக்கு இன்னொரு பாடமும் உண்டு. தனியார் ஒருவர் திரட்டிய லைட்னிங், பக்கனியர், ஹன்டர் ஜெட்டுகள் இங்கிருந்து பறந்த காலத்தில், உலகில் வேறெங்கும் பறக்காத லைட்னிங்கைக் காணவே ஆட்கள் வெளிநாடுகளிலிருந்து வந்தனர். 2009 நவம்பரில் ஓவர்பெர்க் வான்காட்சியில் அவற்றுள் ஒன்று வீழ்ந்து விமானி இறந்தார். ஒலியைப் போல் இருமடங்கு வேகத்துக்குக் கட்டிய 1960-களின் ஜெட்டைச் சிறு குழு ஒன்று எவ்வளவு அன்போடு பேணினாலும், ஒரு நாட்டின் விமானப்படை முழுவதும் அதன் பின்னால் நின்ற காலத்தின் பாதுகாப்பை அதற்குத் திருப்பித் தர முடியாது.

சிறகுதேடி (ஃபீனிக்ஸ்):

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லூரி மாணவன். நீங்கள் எழுதும் விமானங்களுள் பெரும்பாலானவற்றை நான் பறக்கக் கண்டதே இல்லை. என் வயதினருக்குக் கிரிப்பென் ஜெட்டும் ரூய்வால்க் தாக்குதல் ஹெலிகாப்டரும்தான் தெரியும். 1722-இன் இன்ஜின்களைத் தரையில் இயக்கினாலே போதும் என்கிறார் கேப் டவுன் அண்ணன். பறந்து பார்த்தவருக்கு அந்த ஓசை பழைய நினைவை எழுப்பும். பார்த்தேயிராத எனக்கு அது எதை எழுப்பும்? இதைக் குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

இன்னொரு கேள்வியும் உண்டு. சுவார்ட்கோப்பில் 2000 ஏப்ரலில் ஸ்பிட்ஃபயர் வீழ்ந்தது என்று படித்தேன். நம் உயர்நிலத்தில் பறப்பது பழைய விமானங்களுக்குக் கூடுதல் ஆபத்தா? புகைப்படம் எடுப்பது குறித்தும் யாரேனும் சொன்னால் நன்றியுடன் ஏற்பேன்.

இயந்திரக்கை (சென்ச்சூரியன்):

தம்பி, நல்ல கேள்வி. அந்த ஸ்பிட்ஃபயர் 5518 என்ற எண்ணுடையது. 1995-இல் மீண்டும் பறக்கத் தொடங்கியது. 2000 ஏப்ரலில் இன்ஜின் செயலிழந்து வீழ்ந்தது. விமானி உயிர் பிழைத்தார். அதைத் தன்னார்வலர்கள் மீட்டுக் கட்டும் பணியில் ஈடுபட்டு வந்திருக்கிறார்கள்.

உயரத்தைப் பற்றிய உன் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். வான்காட்சியைப் பார்ப்பவர் அனைவரும் இதை அறிந்திருந்தால் கண்முன் நடப்பது இன்னும் நன்றாக விளங்கும். பிரிட்டோரியாவை அடுத்த வாட்டர்க்லூஃப் விமானப்படைத் தளம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே வெப்பநிலை 30 பாகையைத் தொட்டால், காற்றின் அடர்த்தி 2400 மீட்டர் உயரத்துக் காற்றின் அளவுக்குக் குறைந்துவிடும். விமானிக்கு முன்னால் உள்ள வேகமானி காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. ஆகவே டர்பனில் காட்டும் அதே எண்ணை அது பிரிட்டோரியாவிலும் காட்டினாலும், விமானம் உண்மையில் எட்டில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வட்டமடிக்கத் தேவைப்படும் இடம் வேகத்தின் இருபடியாகப் பெருகும் என்பதால், டர்பனில் 400 மீட்டருக்குள் முடியும் ஒரு திருப்பத்துக்கு இங்கே 500 மீட்டருக்கும் மேல் வேண்டியிருக்கும். செங்குத்தாக மேலேறிக் கவிழ்ந்து கீழே வரும் வளையத்திலும் இதே கணக்குத்தான். கடலோரத்தில் பழகியவர் உயர்நிலத்தில் அதே உயரத்திலிருந்து வளையத்தைத் தொடங்கினால், கீழே வந்து நிமிரும்போது அவருக்கு இடம் போதாது. பிஸ்டன் இன்ஜினும் மெல்லிய காற்றில் திறன் இழக்கும் என்பதால், இழந்த உயரத்தைத் திரும்பப் பெறுவதும் கடினம். ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் போன்றவற்றில் காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர் இருப்பதால் திறன் இழப்பு குறைவு. திருப்பத்துக்கு வேண்டிய இடத்தை மட்டும் எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது.

நம் விமானிகள் இதை நன்கு அறிந்து அதற்கேற்பவே காட்சியை அமைக்கிறார்கள். பார்வையாளர் கோட்டுக்கு இணையாகப் பறப்பார்கள், கூட்டத்தை நோக்கி நேராக வரமாட்டார்கள். 1988-இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனிலும் 2002-இல் உக்ரைனின் லிவிவ் நகரிலும் கூட்டத்தின்மேல் விமானங்கள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தடுப்புக் கயிறு இத்தனை தொலைவில் கட்டியிருக்கிறதே என்று யாரும் சலித்துக்கொள்ளாதீர்கள்.

ஆசிரியை அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போர் ஜெட்டுகளுக்குத் தொழில்நுட்ப வழியிலும் உங்கள் முடிவே பொருந்துகிறது. விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கையில் வெடிமருந்துத் தோட்டாக்கள் உண்டு. அவற்றுக்கு ஆயுட்காலம் உண்டு. செய்தவர்கள் செய்வதை நிறுத்திவிட்டால், அந்த இருக்கையை நம்பி எவரையும் ஏற்றக் கூடாது. இறக்கையின் முதுகெலும்பாகிய ஸ்பாருக்கும் இத்தனை மணி நேரம் என்று வரம்பு உண்டு. உலோகம் சோர்ந்துவிட்டதைக் கண்ணால் காண முடியாது.

மெர்பேங்க் மூத்தவர் (டர்பன்):

ஆசிரியை அம்மா, நீங்கள் எழுதிய மட்டோலா என் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். நிறவெறி ஆட்சியை எதிர்த்து நாடு கடந்துபோன பிள்ளைகளின் பெற்றோர் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். அந்த நாள்களில் வடக்கே ஜெட் விமானங்கள் எல்லை தாண்டிவிட்டன என்று வானொலியில் சொன்னால் அந்த வீடுகளில் யாரும் சாப்பிடமாட்டார்கள். அதனாலேயே ஒன்று சொல்ல விரும்புகிறேன். பலகையைப் படிப்பவன் எண்களை அறிவான். தலைக்குமேல் அந்த ஓசை வரும்போது, கீழே இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதில் ஒரு சிறு பகுதியையாவது உடம்பே அறிந்துகொள்ளும். மெய்சிலிர்ப்பு மட்டுமே மிஞ்சும் என்றீர்கள். அச்சமும் அதற்குள் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான்.

லெனேசியா ஆசிரியை:

ஐயா, இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஓசையும் ஒரு சான்று என்பதை இந்த வகையில் எவரும் எனக்குச் சொன்னதில்லை. இருந்தாலும் என் கோரிக்கை அப்படியே நிற்கிறது. இம்பாலா பறக்கட்டும், அது பறக்கும் அந்த நிமிடங்களில் ஒலிபெருக்கியில் மட்டோலாவின் பெயரும் வரட்டும், 1994-இன் பெயரும் வரட்டும். ரூய்வால்க் பறந்தால், 2013-இல் காங்கோவில் ஐக்கிய நாடுகள் படையோடு அது எதற்காகச் சென்றது என்பதைச் சொல்லட்டும். காட்சி அமைப்பாளர்களுக்கு இதைக் கடிதமாக எழுதப் போகிறேன். கையெழுத்திட விரும்புவோர் இங்கேயே தெரிவிக்கலாம்.

லாடியம்வாசி (பிரிட்டோரியா):

அக்கா, கடிதத்தில் என் பெயரை முதலில் சேருங்கள்.

டேபிள்பே அவர்களின் வாதம் ஷேக்கில்டனுக்கு முழுவதும் பொருந்துகிறது. ஆனால் அதைப் பொது விதியாக்கினால் ஒரு விளைவு உண்டு, அதை நாம் இப்போதே கண்டுவருகிறோம். பறக்கக்கூடிய விமானங்களைக்கூடப் பறக்கவிடாத நாட்டில், பறக்கவைக்கத் தெரிந்தவர்களும் இல்லாமல் போய்விடுவார்கள். இது பழைய விமானங்களுக்கு மட்டும் வந்த நிலையன்று. 26 கிரிப்பென்களை வாங்கினோம். மக்காடோ தளத்தின் 2-ஆம் படைப்பிரிவு, கொரியப் போரில் மஸ்டாங்கும் பின்னர் சேபரும் ஓட்டிய அதே பிரிவு, அவற்றை வைத்திருக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் 2021 செப்டம்பரிலிருந்து ஓராண்டு காலம் அவை தரையில் நின்றன. விமானி மணிக்கணக்கில் பறந்துதான் தேர்ச்சியைக் காக்க முடியும், பராமரிப்பவருக்கும் அப்படியே. ஆகவே ஒவ்வொரு விமானத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று தம்பி இயந்திரக்கை சொன்னதை ஏற்கிறேன். ஐயமிருந்தால் நிறுத்திவிடலாம் என்ற பழக்கத்தை ஏற்கமாட்டேன். ஹார்வர்ட், அலூவெட் ஹெலிகாப்டர், டகோட்டா போக்குவரத்து விமானம் ஆகிய மூன்றும் இயன்றவரை பறக்கட்டும். ஷேக்கில்டனும் பக்கனியரும் லைட்னிங்கும் நிற்கட்டும். இம்பாலாவைப் பற்றி மட்டும் என் மனம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

சிறகுதேடிக்குப் புகைப்படம் பற்றி. விசிறி விமானத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுக்காதே. விசிறி உறைந்து நின்று, இன்ஜின் நின்றுபோன விமானம் போல் படம் வரும். ஹார்வர்டுக்கு 160-இல் ஒரு பங்கு, ஹெலிகாப்டருக்கு 80-இல் ஒரு பங்கு வைத்து, உடலை இடுப்பிலிருந்து திருப்பி விமானத்தைத் தொடர வேண்டும். ஜெட்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் போகலாம். நம் நாட்டில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வரும் என்பதால், வடக்கு உன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடத்தைத் தேடிக்கொள். கிரிப்பென் வருவதைக் காதால் அறிய முயலாதே. ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டரில் வரும் ஜெட் அதற்குள் முக்கால் கிலோமீட்டர் கடந்திருக்கும். ஓசை வரும் திசையைப் பார்த்தால் வெறும் வானத்தைத்தான் காண்பாய். அதற்கும் வெகுவாக முன்னால் தேடு. அணிவகுப்புப் பறப்பென்றால் முதலில் நேர அட்டவணையைப் படி. மெதுவாகச் செல்லும் ஹெலிகாப்டர்களும் விசிறி விமானங்களும் வேகமான ஜெட்டுகளும் மேடையின்மேல் நொடி தவறாமல் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும் என்பதற்காகத் தொலைவில் வெவ்வேறு இடங்களில் வட்டமிட்டுக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு வட்டத்தின் கீழே நிற்பவருக்கு, மேடையில் அமர்ந்திருப்பவருக்குக் கிடைப்பதைவிட நீண்ட காட்சி கிடைக்கும்.

சிறகுதேடி (ஃபீனிக்ஸ்):

மிக்க நன்றி, அண்ணா. காத்திருப்பு வட்டத்தைப் பற்றி எங்கும் நான் படித்ததில்லை. ஆசிரியை அக்காவின் கடிதத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தரையில் இயக்கும் இன்ஜின் எனக்கு எதைத் தரும் என்ற என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

டேபிள்பே (கேப் டவுன்):

தம்பி, விடை தராமல் விட்டுவிடவில்லை. நன்றாக யோசித்து எழுதவே காத்திருந்தேன். பறக்கும் விமானத்தில் நீ காணாத ஒன்றைத் தரையில் காண்பாய்: வேலையை. கிரிஃபானை இயக்கும் நாளில் காலையிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தீயணைப்பு உருளையோடு ஒருவர் ஒவ்வோர் இன்ஜின் பக்கமும் நின்று, கையசைவில் பேசிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் துவக்குவார்கள். முதலில் வெண்புகை, பிறகு தடுமாறும் சில வெடிப்புகள், அதன்பின் இரண்டு விசிறிகளும் எதிரெதிராகச் சுழன்று ஒரே வட்டாகத் தெரியும். நான்கும் ஓடத் தொடங்கியபின் எண்ணெய் அழுத்தமும் வெப்பமும் சரியாகும்வரை அவர்கள் காத்திருப்பதை நீயும் அருகிலிருந்து பார்க்கலாம். பறக்கும்போது இவை யாவும் உன் கண்ணுக்கு எட்டாத தொலைவில், ஓடுபாதையின் மறுகோடியில் முடிந்துபோகும்.

இயக்குவது காட்சிக்காக மட்டுமன்று. மாதக்கணக்கில் சுழலாத இன்ஜினின் சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் வழிந்துபோய்த் துரு ஏறும். நீர்க்கசிவைத் தடுக்கும் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். இவ்விஷயத்தில் இயந்திரக்கை என்னைவிட நன்றாக அறிவார்.

இயந்திரக்கை (சென்ச்சூரியன்):

அனைத்தும் சரி, ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இன்ஜினைச் சற்றே ஓடவிட்டு உடனே நிறுத்துவது, ஓட்டாமலே விடுவதைவிடக் கெடுதல். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி, எண்ணெய் முழுச்சூட்டுக்கு வந்தால்தான் வெளியேறும். இல்லாவிட்டால் உள்ளேயே தங்கித் துருவாகும். ஆகவே தம்பி கேப் டவுனுக்குப் போனால், முதல் முழக்கம் கேட்டவுடன் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், நான்கு இன்ஜின்களும் சூடேறி ஒவ்வொன்றாக நிற்கும்வரை இருக்க வேண்டும். சுவார்ட்கோப்பில் ஹார்வர்டைத் துவக்கும்முன் ஒருவர் விசிறியைக் கையால் மெல்லச் சுழற்றுவதையும் கவனிக்கச் சொல்கிறேன். வட்டமாக அடுக்கிய சிலிண்டர்களுள் கீழே இருப்பவற்றில் இரவோடு இரவாக எண்ணெய் தேங்கியிருக்கும். அதை அறியாமல் துவக்கினால் இணைப்புத் தண்டே வளைந்துவிடும். கையில் தடை தெரிந்தால் அவர் சுழற்றுவதை நிறுத்திவிட்டு, அந்தச் சிலிண்டரின் தீப்பொறிச் செருகியைக் கழற்றி எண்ணெயை வடிப்பார். அந்த நாளில் பறப்பு அரைமணி நேரம் தாமதமாகும்.